உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆவது எப்படி?

கடை திறந்தவர் எல்லாரும் வணிகர் ஆகிவிடுவதில்லை. சரக்கின் தரம் அறிந்து, வாடிக்கையாளர் மனம் அறிந்து, பெட்டியடியில் சில காலம் பழகிய பின்னரே ஒருவரை வணிகர் என்கிறோம். ஆசிரியர் தொழிலும் அத்தகையதே. “பையன் பட்டம் வாங்கிவிட்டான், வேறு வேலை கிடைக்காவிட்டால் வாத்தியாராகவாவது போகட்டும்” என்று சொல்லும் தகப்பனார்கள் நம்மிடையே உண்டு. பட்டம் என்பது வேறு; ஆசிரியர் தகுதி என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் சில பிள்ளைகள் காலம் கடந்து கதவைத் தட்டுகின்றனர். ஆகவே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆவதற்குரிய வழியை இங்கே முறையாக விளக்க முற்படுகின்றோம்.

பயிற்சி தரும் இடம்

நம் நாட்டில் 1950 ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியது. 1973 இல் அது கல்விக் கழகமாயிற்று. 1991 இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகத் தேசியக் கல்விக் கழகம் அமைந்தது. அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிலும் நிலையாகப் பணிபுரிய விரும்புவோர் இக்கழகத்திலேயே பயிற்சி பெறுகின்றனர். அந்நாளில் பயிற்சிக் கல்லூரியின் வேலையாக இருந்தது இந்நாளில் பல்கலைக்கழகத்தின் வேலையாக உயர்ந்திருக்கிறது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இரு வழிகள்

முதல் வழி, தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ முடித்தவுடன் தேசியக் கல்விக் கழகத்திலேயே நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேர்வதாகும். பாட அறிவும் பயிற்றும் முறையும் இதில் ஒருங்கே கிடைக்கும்.

இரண்டாம் வழி, வேறு பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் பட்டம் பெற்று, அதன்பின் பட்டதாரிகளுக்குரிய கல்வி டிப்ளோமாப் பயிற்சியை முடிப்பதாகும். இப்பயிற்சியின் காலம் எந்நாளும் ஒரே அளவாய் இருந்ததில்லை. ஓராண்டாய் இருந்தது 16 மாதமாக்கப்பட்டதும் உண்டு. எனவே பிள்ளை சேரும் ஆண்டில் என்ன விதி நடப்பில் இருக்கிறதோ அதைப் பார்த்தே கணக்கிடவேண்டும்.

எந்தப் பாடம்?

தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒரே வகுப்பிற்குப் பல பாடங்கள் நடத்துவதுண்டு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியரோ பாடவாரியாகக் கற்பிப்பவர். ஆதலால் அவர் பெற்ற பட்டத்திற்கும் அவர் நடத்தவிருக்கும் பாடத்திற்கும் பொருத்தம் இருத்தல் அவசியம். கணிதம் கற்பிக்க விரும்புவோர் பட்டப்படிப்பில் போதிய அளவு கணிதம் பயின்றிருக்கவேண்டும். இங்கேதான் பலர் இடறுகின்றனர். பதினெட்டு, இருபது வயதில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சிந்தியாமல், பட்டம் வாங்கிய பின் சிந்திப்பதில் பயன் குறைவு.

வணிகக் குடும்பத்தினர் இன்னொன்றையும் அறியவேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் கணக்குப் பதிவியல் ஒரு பாடமாக இருக்கிறது. பற்றும் வரவும், பேரேடும் ஐந்தொகையும் அங்கே மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. கணக்கியல் படித்த பிள்ளைக்குக் கடையும் கம்பெனியும் மட்டுமே வழி என்று எண்ணவேண்டா. வகுப்பறையும் ஒரு வழியே.

தமிழாசிரியராக விரும்புவோர்க்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு உண்டு. பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்கவும் அங்கு வசதி இருப்பதால், கடையை விட்டு வர இயலாத இளைஞருக்கும் அது ஏற்றது.

படிப்படியாக

பட்டதாரி முதலில் பல்கலைக்கழகத்தை நாடிச் செல்வதில்லை. கல்வி அமைச்சுக்கே விண்ணப்பிக்கிறார். அமைச்சு தகுதியைப் பார்த்து நேர்முகத்திற்கு அழைக்கும். தேவைப்படுவோர்க்கு மொழித்திறன் தேர்வும் நடைபெறும். தேர்வானவர் பயிற்சிக்கு முன்னரே ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டுச் சில காலம் வகுப்பெடுக்கவேண்டியிருக்கும். இத்தொழில் தமக்கு ஒத்துவருமா என அவரும், இவர் ஒத்துவருவாரா எனப் பள்ளியும் அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு இது. புதிதாக வந்த பையனைச் சில மாதம் கடையில் நிறுத்திப் பார்க்கும் நம் வழக்கத்திற்கு இது மாறுபட்டதன்று.

அதன் பின்னரே கழகத்தில் பயிற்சி. இளைஞர் மனம் எவ்வாறு கற்கிறது, பாடத்தை எவ்வாறு வகுத்துத் தருவது, வகுப்பை எவ்வாறு நடத்துவது, மாணவன் கற்றதை எவ்வாறு மதிப்பிடுவது ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. இடையே பள்ளிக்குச் சென்று, அனுபவம் வாய்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில் பல வாரங்கள் பாடம் நடத்தவேண்டும். இச்செய்முறைப் பயிற்சியில் தேறாதவர் ஏட்டுப் படிப்பில் எவ்வளவு சிறந்திருப்பினும் ஆசிரியராக வெளிவர இயலாது.

செலவும் கடப்பாடும்

வணிகர் கேட்கும் முதற் கேள்வி, “முதல் எவ்வளவு போடவேண்டும்?” என்பதே. அமைச்சால் தேர்ந்தெடுக்கப்பட்டு டிப்ளோமாப் பயிற்சிக்கு அனுப்பப்படுவோரின் கல்விக் கட்டணத்தை அமைச்சே ஏற்கிறது. பயிற்சிக் காலத்தில் சம்பளமும் தருகிறது. அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதவேண்டும். இடையில் விலகினால் ஈட்டுத்தொகை கட்டவேண்டும். எனவே கையெழுத்திடுமுன் தந்தையும் பிள்ளையும் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்தல் நன்று. இரண்டாண்டில் கடைக்குத் திரும்பிவிடலாம் என்னும் எண்ணத்தோடு இதில் இறங்குவது முறையன்று, இலாபமும் அன்று.

நம் கடமை

1946 இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960 இல் அது உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. காலம் மாறியது, பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடினர், 1982 இல் அப்பள்ளி மூடப்பட்டது. இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்று நம் முன்னோர் சமுதாயத்திற்குக் கொடுத்தது கட்டடம். இன்று கட்டடத்தை அரசாங்கம் தருகிறது, சம்பளமும் தருகிறது. அது நம்மிடம் எதிர்பார்ப்பது ஆளை மட்டுமே. தமிழ் இந்நாட்டுப் பள்ளிகளில் ஒரு பாடமாக இருக்கிறது என்றால், அதை நடத்த ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியர் யார் வீட்டிலிருந்து வரவேண்டும்? மற்றவர் வீட்டிலிருந்து வரட்டும் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டால், வகுப்பறை இருக்கும், புத்தகமும் இருக்கும்; கற்பிப்பவர் இருக்கமாட்டார்.

ஆகவே சகோதரர்களே, உங்கள் மகனோ மகளோ ஆசிரியராக விரும்புவதாகச் சொன்னால், “கடையை யார் பார்ப்பது?” என்று உடனே கேளாதீர்கள். எந்தப் பாடத்தில் விருப்பம் என்று கேளுங்கள். அப்பாடத்திற்குரிய பட்டப்படிப்பு எது என்று உயர்நிலை மூன்றாம் வகுப்பிலேயே விசாரியுங்கள். அமைச்சின் விதிகளைப் பிள்ளையுடன் அமர்ந்து படியுங்கள். கொள்முதலைக் காலத்தில் செய்யாதவன் பெருநாள் சந்தையில் வெறுங்கடையோடு நிற்பான் என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்?