வினவும் முறை

கோயம்புத்தூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் பல உண்டு. கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் உழவர் அதனைக் கழற்றி அக்கடைக்குக் கொண்டுவருவர். "மோட்டார் ஓடவில்லைங்க" என்று மட்டும் சொல்லி நிற்பவரிடம் கடைக்காரர் பல வினாக்களைக் கேட்க வேண்டியிருக்கும். "சுவிட்சைப் போட்டதும் முனகிற்றுங்க, சுற்றவில்லை, சற்று நேரத்தில் கருகிய நாற்றம் வந்தது" என்பவரிடம் அத்தனை வினாக்கள் வேண்டா. மூன்று பேஸில் ஒன்று வராமற் போயிருக்கலாம் என்று கடைக்காரர் உடனே உய்த்துணர்வார். அவ்வுழவர் பழுது இன்னதென்று கூறவில்லை. கண்டதையும் கேட்டதையும் நிகழ்ந்த வரிசையிலே கூறினார். கட்டற்ற இயங்குதளத்தைத் தன் கணினியில் புதிதாக நிறுவும் மாணவன் முதற்கண் கற்க வேண்டுவது இக்கலையே ஆகும்.

கணினியின் உறுப்புகளையும் அதிலுள்ள மென்பொருள்களையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். அதனை விலைக்கு விற்று, உள்ளமைப்பை மறைத்து வைக்கும் நிறுவனங்கள் உண்டு. கட்டற்ற இயங்குதளமோ அத்தகையதன்று. அதனை எவரும் பயன்படுத்தலாம், அதன் அமைப்பை ஆராயலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமைகளை நிலைநாட்டக் கருதி, அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். அதற்குக் குறையாயிருந்த கருப்பகுதியைப் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதினார். அதுவே லினக்ஸ். இவ்விரண்டும் கூடிய தொகுப்புகள் டெபியன், உபுண்டு முதலிய பெயர்களில் வழங்குகின்றன.

டோர்வால்ட்ஸ் இதனை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. இயங்குதளங்களுக்கு வகுக்கப்பட்ட பொதுவிதிகள் எங்கே கிடைக்கும் என்று, 1991 ஜூலைத் திங்களில், முகமறியாப் பலரைக் கணினி வலைவழியே அவர் வினவினார். ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதை அறிவித்து, அதில் என்னென்ன இருத்தல் வேண்டும் என்று மீண்டும் வினவினார். இன்று உலகெங்கும் பரவியுள்ள லினக்ஸ், அறியாத ஒன்றைக் கேட்க நாணாத ஒரு மாணவரின் வினாவோடு தொடங்கிற்று.

விலைகொடுத்து வாங்காத பொருளுக்கு விற்றவர் என ஒருவர் இல்லை. ஊதியம் பெற்று உதவும் நிறுவனங்கள் இருப்பினும், அவற்றை நாடுவோர் பெரும்பாலும் அலுவலகத்தாரே. தனி மாணவனுக்குத் துணையாவோர் அவனுக்கு முன்னரே அவ்வழியில் நடந்தவர்கள். சென்னையில் 1998 முதல் இத்தகைய பயனர் குழு ஒன்று இயங்கி வருகிறது. கோவைக் கல்லூரி மாணவர்களிடையேயும் இத்தகைய வட்டங்கள் தோன்றின. நிறுவத் தெரியாதவர் கணினியோடு வந்து, தெரிந்தவர் அருகிருந்து நிறுவிக்கொண்டு செல்லும் கூட்டங்களையும் இக்குழுக்கள் நடத்துவதுண்டு.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விற்பனை இயங்குதளத்தோடு 'பாஸ்' என்னும் கட்டற்ற இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. அது நடுவணரசின் சி-டாக் நிறுவனம் டெபியனைத் தழுவி உருவாக்கியது. அந்தியூர்ப் பக்கத்துச் சிற்றூரிலோ தாராபுரத்துத் தோட்டத்துச் சாளையிலோ வாழும் மாணவனுக்கு அதுவே வீட்டின் முதற்கணினியாக இருந்திருக்கலாம். அவன் ஐயத்தைத் தீர்க்க வீட்டில் ஒருவரும் இல்லை. நகரத்துக் கடைக்குக் கொண்டுபோனாலோ பேருந்துச் செலவும் கூலியும் ஆகும். விடைகளிற் பல ஆங்கிலத்தில் இருத்தல் அவனுக்கு மற்றுமோர் இடர். தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டைக் கொண்டிருந்த காலத்தில், ஒருவர் தமிழில் எழுதிய விடையை மற்றொருவர் தேடிக் கண்டடைதலும் அரிதாயிருந்தது. கோவையில் 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்த காலத்தில், தமிழக அரசு ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்று அறிவித்தது. 2012 ஜனவரியில் 'கணியம்' என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதத் தொடங்கியது.

இனி, கேட்கும் முறை யாது? மாணவன் ஒருவன் பழைய மடிக்கணினியில் உபுண்டுவை நிறுவினான். கம்பியில்லா இணைப்பு வரவில்லை என்று கொள்வோம். "இணையம் வேலை செய்யவில்லை, உதவுக" என்று அவன் எழுதினால், அறிந்தவரும் என் செய்வர்? எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையை இட்டால், கணினியினுள் இருக்கும் இணைப்புச் சில்லின் பெயர் திரையில் தோன்றும். அப்பெயர், உபுண்டுவின் பதிப்பு எண், பிழைச்செய்தியின் சொற்கள், அதுவரை தான் செய்து பார்த்தவை ஆகியவற்றை அவன் எழுதுதல் வேண்டும். பிழைச்செய்தியைத் தன் சொற்களில் மாற்றலாகாது. ஓரெழுத்தும் பிசகாமல் தருதல் வேண்டும். பிராட்காம் நிறுவனத்தின் பழைய சில்லுகள் சிலவற்றுக்குத் தேவையான ஒரு கோப்பை, உரிமக் கட்டுப்பாட்டின் காரணமாக, இயங்குதளத்தோடு சேர்த்து வழங்க இயலாதிருந்தது. சில்லின் பெயரைக் கண்டவுடன் அறிந்தவர் இதனை உணர்ந்து, "கைப்பேசியைக் கம்பியால் இணைத்து அதன்வழி இணையம் பெறுக, பின் அக்கோப்பைத் தருவிக்க" என்று இரண்டே வரியில் விடை தருவர்.

வினவுமுன் தேடிப் பார்த்தலும் வேண்டும். கட்டளைகளின் விளக்கத்தைத் தரும் கையேடு இயங்குதளத்தினுள்ளேயே உள்ளது; இணையம் இல்லாதபோதும் அதனைப் படிக்கலாம். ஆயினும், "கையேட்டைப் படி" என்று மட்டும் சொல்லிப் புதியவரைக் கடிந்து அனுப்பும் வல்லுநரும் சிலர் உளர். அது பெருந்தன்மையன்று. எந்தப் பகுதியைப் படிப்பது என்று அறிந்தவனாயின் அவன் கேட்க வந்திருக்கமாட்டான் அன்றோ! புதியவனுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. முகமறியாதவர் தரும் கட்டளையை, அது யாது செய்யும் என்று அறியாமல் இடுதல் தகாது. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் என்னும் கட்டளை, தவறாக இடப்பட்டால், ஆண்டுக்கணக்கிற் சேர்த்த பாடக்குறிப்புகளையும் படங்களையும் நொடியில் அழித்துவிடும். ஆதலின் முதலில் படியெடுத்து வைத்தல் நலம். அஞ்சுவோர், வன்தட்டைத் தொடாமலே, பென் டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கிப் பார்க்கலாம்.

இணைப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்து அம்மாணவன் எழுந்து போய்விடுவதில்லை. எந்தச் சில்லு, எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பினால் குறை நீங்கிற்று என்பவற்றைத் தன் வினாவின் கீழேயே தமிழில் எழுதி வைக்கிறான். ஈராண்டு கழித்து, அதே சில்லுள்ள மடிக்கணினியை உறவினரிடமிருந்து பெற்ற வேறொருவன் தேடும்போது அவ்வரிகளைக் காண்கிறான். எவரையும் கேளாமலே இணைப்பைப் பெறுகிறான்.