கருனியில் அறிவிப்பு மணிகள்: அவற்றைப் பழுதின்றி நீக்கும் முறை

கல்லூரி மணியைக் கழற்றி இறக்க வேண்டியிருக்கிறதென வைத்துக்கொள்வோம். மேலே ஏறி ஆணியைத் தளர்த்துதல் எளிய வேலையே. ஆயின், அதே வேளையில் மணியடிப்போன் கீழே நின்று கயிற்றை இழுப்பானாயின் மணி அவன் தலைமேல் வீழும். அவன் அங்கில்லை என்பதைக் கண்டே ஆணியைத் தளர்த்தத் தொடங்கினோம். தொடங்கியபின் அவன் வந்து இழுத்தான் எனினும் விளைவு அதுவே. ஆதலின், இனி எவரும் கயிற்றைத் தொடாதவாறு தடுத்தல் முதலாவது. முன்னரே தொட்டவர் கையை எடுக்கும்வரை காத்திருத்தல் இரண்டாவது. மணியை இறக்குதல் மூன்றாவது. இம்மூன்றும் இவ்வரிசையிலேயே நிகழ்தல் வேண்டும். வரிசை மாறின் கேடு விளையும்.

இக்காலக் கணினிகளினுள்ளும் இத்தகைய அறிவிப்பு மணிகள் உள. அவற்றை நீக்குங்கால் பேணப்படும் ஒழுங்கினை, லினக்ஸ் கருனியில் உள்ள கே.வி.எம். என்னும் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். கணினித் துறை பயிலும் மாணவர்க்கு இது நேரே பயன்படும். ஏனைய அன்பர்களும், தாம் நாளும் பயன்படுத்தும் சேவைகள் எத்தகைய நுண்ணிய காவலின்மேல் நிற்கின்றன என்பதை அறிந்துகொள்ளலாம்.

புரவலரும் விருந்தினரும்

கருனி என்பது இயக்குதளத்தின் நடுப்பகுதி. செயலி, நினைவகம், வட்டு முதலிய வளங்களைப் பங்கிட்டு வழங்குவது அதன் தொழில். கே.வி.எம். என்னும் பகுதி 2007ஆம் ஆண்டில் 2.6.20 என்னும் பதிப்புடன் லினக்ஸ் கருனியிற் சேர்ந்தது. இதனை ஆக்கத் தொடங்கியவர் கும்ரானெட் என்னும் நிறுவனத்தில் அந்நாளிற் பணியாற்றிய அவி கிவிற்றி என்பார். இதன் துணையால் மெய்யான கணினி ஒன்றினுள்ளே பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கலாம். மெய்க்கணினியைப் புரவலர் என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர்க் கணினியை விருந்தினர் என்றும் வழங்குவர். கூகிள், அமேசன் ஆகிய நிறுவனங்களின் முகிற் சேவைகளும் கே.வி.எம். வழியைப் பயன்படுத்துவன. ஆகவே ஒருவரையொருவர் அறியாத பலருடைய விருந்தினர்க் கணினிகள் ஒரே புரவலரின் நினைவகத்தில் அருகருகே தங்குகின்றன. புரவலரில் நேரும் ஒரு பிழை அவருள் ஒருவரை மாத்திரமன்றி அனைவரையுந் தாக்கக்கூடும்.

மெய்க்கணினிக்கு வலையமைப்பு வழியே செய்தியொன்று வருமாயின், வன்பொருட் சாதனம் 'குறுக்கீடு' என்னும் சைகையால் செயலியை அழைக்கும். விருந்தினர்க் கணினியில் அக்குறுக்கீட்டை மென்பொருளே உண்டாக்குதல் வேண்டும். இதற்கு உதவுவது ஈவென்ட்எஃப்டி என்னும் கருவி. 2007ஆம் ஆண்டில் 2.6.22 பதிப்பில் அறிமுகமான இது, உண்மையில் 64 இருமங் கொண்ட ஓர் எண்ணியே. அதில் எழுதினால் எண்ணிக்கை கூடும். சாதாரண முறையில் வாசித்தால் எண்ணிக்கை வெளிப்பட்டுப் பின் பூச்சியமாகும். எழுதுதல் மணியடித்தலை ஒக்கும்.

2009ஆம் ஆண்டில் கிறகறி ஹஸ்கின்ஸ் என்பார் இம்மணியை விருந்தினரின் குறுக்கீட்டுடன் பிணைக்கும் ஐஆர்க்யூஎஃப்டி என்னும் அமைப்பைச் செய்தளித்தார். ஈவென்ட்எஃப்டிக்கு ஒரு காத்திருப்போர் வரிசை உண்டு. ஐஆர்க்யூஎஃப்டி தன் பெயரை அவ்வரிசையிற் பதிந்து வைக்கும். மணி அடிக்கப்பட்டவுடன் கருனி அவ்வரிசையிலுள்ள செயற்கூற்றை அழைக்கும். அது விருந்தினருக்குக் குறுக்கீட்டைச் செலுத்தும். உடனே செலுத்த இயலாதவிடத்துப் பின்னர்ச் செய்யப்படும் வேலையாக அதனை ஒப்படைக்கும்.

கேடு எவ்வாறு விளையும்?

இப்பிணைப்பு நீங்கும் வழிகள் மூன்று. விருந்தினரை நடத்தும் நிரல் தானே நீக்குமாறு வேண்டுதல் ஒன்று. ஈவென்ட்எஃப்டியைப் பிடித்திருந்த இறுதிக் கையும் அதனை மூடிவிடுதல் மற்றொன்று. மெய்நிகர்க் கணினி முழுவதுமே முடிவுறுதல் பிறிதொன்று. பல செயலிகள் ஒருங்கே இயங்கும் கணினியில் இம்மூன்றும் ஒரே கணத்தில் நிகழலாம். நீக்கம் நடைபெறும் அக்கணத்திலேயே வேறொரு செயலி மணியை அடித்தலும் கூடும்.

இருவர் தனித்தனியே வந்து ஒரே நினைவகப் பகுதியை விடுவிப்பாராயின், ஒரு முறை விட்டது இரு முறை விடப்படும். ஒருவர் விடுவித்த பின் மற்றொருவர் அதனை இன்னும் உயிருள்ளதெனக் கருதித் தொடுவாராயின், அதற்குள் அப்பகுதி வேறொரு தேவைக்கு வழங்கப்பட்டிருத்தல் கூடும். இடம் காலியென்று கருனி வேறொருவரைக் குடியிருத்திய வீட்டிற்குள் முன்னைய குடியானவர் பழைய திறப்புடன் நுழைந்தாற் போன்றது அது. தீய எண்ணமுடைய ஒருவர் இத்தகைய பிழையைத் துணையாகக் கொண்டு, தமது விருந்தினர்க் கணினியிலிருந்து புரவலரையே கைப்பற்ற முயலலாம். ஆதலின் இது வெறும் துப்புரவுப் பணியன்று; அயலவர் அனைவரின் காவலும் இதில் அடங்கியுள்ளது.

நீக்கும் ஒழுங்கு

முதலாவது, உரிமை ஒருவருக்கே உரியதாதல் வேண்டும். ஒவ்வொரு மெய்நிகர்க் கணினியும் தன் ஐஆர்க்யூஎஃப்டிகளை ஒரு பட்டியலில் வைத்திருக்கும். அப்பட்டியலுக்குப் பூட்டொன்று உண்டு. நீக்க விரும்புவோர் பூட்டைப் பெற்று, உரிய உறுப்பு இன்னும் பட்டியலில் உளதா என நோக்குவர். உளதாயின் அதனைப் பட்டியலினின்று எடுத்துத் துப்புரவு வேலையை ஒப்படைப்பர். இலதாயின் வேறொருவர் முந்திக்கொண்டார் என உணர்ந்து விலகுவர். இதனால் மூன்று வழியாலும் ஒருங்கே வந்தாலும் துப்புரவு ஒரு முறையே நிகழும்.

இரண்டாவது, மணியோசை கேட்ட இடத்திலேயே மணியைக் கழற்றலாகாது. ஈவென்ட்எஃப்டி மூடப்படும் செய்தி வருங்கால், காத்திருப்போர் வரிசையின் பூட்டு முன்னரே பிடிக்கப்பட்டிருக்கும். வரிசையினின்று பெயரை நீக்குதற்கும் அதே பூட்டு வேண்டும். தான் பிடித்திருக்கும் பூட்டுக்குத் தானே காத்திருப்பவன் என்றும் காத்திருக்க வேண்டியதே. அன்றியும் அவ்விடத்தில் உறங்கிக் காத்திருத்தலும் இயலாது. ஆகவே துப்புரவு வேலை, அதற்கெனவே அமைக்கப்பட்ட தனி வேலை வரிசைக்கு அனுப்பப்படுகிறது.

மூன்றாவது, அத்துப்புரவு வேலையின் உள்வரிசை. உறுப்பு அப்பொழுதுதான் பிணைக்கப்பட்டதாயின், அதன் தொடக்க வேலை முற்றுப்பெறும்வரை முதலிற் காத்திருத்தல் வேண்டும். அடுத்து, ஈவென்ட்எஃப்டியின் காத்திருப்போர் வரிசையினின்று பெயர் நீக்கப்படும். இதன்பின் புதிய மணியோசை வாராது. அதன் பின்னர், முன்னரே ஒப்படைத்த குறுக்கீட்டு வேலைகள் யாவும் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். இறுதியிலேயே ஈவென்ட்எஃப்டியின்மேல் வைத்த பிடி விடப்பட்டு, நினைவகம் விடுவிக்கப்படும். நடுவிலுள்ள இரு படிகளையும் முன்பின்னாக மாற்றினால் யாது நேரும்? நிலுவை வேலைகள் முடிந்தன என்று கண்ட கணத்திற்கும் பெயரை நீக்கிய கணத்திற்கும் இடையே புதியதொரு மணியோசை புகுந்துவிடும். அது உண்டாக்கிய வேலை, விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும்.

நான்காவது, நீக்க வேண்டியவரும் காத்திருத்தல் வேண்டும். ஐஆர்க்யூஎஃப்டி தன் மெய்நிகர்க் கணினியைச் சுட்டி நிற்குமேயன்றி, அது மறையாதவாறு எண்ணிக்கையிட்டுப் பிடித்து வைப்பதில்லை. ஆதலின் மெய்நிகர்க் கணினி முடிவுறுங்கால், தனி வேலை வரிசையிலுள்ள துப்புரவு வேலைகள் யாவும் தீரும்வரை நின்றே மேற்செல்லும். நீக்குமாறு நிரல் வேண்டும் இடத்தும் இதுவே முறை. அவ்வேண்டுகோள் நிறைவுற்றுத் திரும்பிய பின் அம்மணி வழியே குறுக்கீடு எதுவும் எழாது என நிரல் நம்பலாம்.

எதிர்த்திசையில், விருந்தினர் ஒரு முகவரியில் எழுதும்போது புரவலருக்கு மணியடிப்பது ஐஓஈவென்ட்எஃப்டி. இவை அடங்கிய பட்டியலை விருந்தினரின் செயலிகள் பல ஒருங்கே வாசித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒன்றை நீக்குங்கால், அது நீங்கிய புதிய படியொன்றை வெளியிட்டு, பழைய படியை வாசிப்போர் அனைவரும் வெளியேறும்வரை காத்திருந்து, அதன்பின்னரே பழையதை விடுவிப்பர். தடுத்தல், காத்தல், விடுத்தல் என்னும் அதே முறை ஈண்டும் அமைதல் காண்க.

ஒரு படிப்பினை

பெறுதலிலும் இவ்வொழுங்கு வேண்டும் என்பதற்கு 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்ட பிழையொன்று சான்றாகும். கே.வி.எம். புதிய சாதனம் ஒன்றை ஆக்குங்கால், அதனைக் குறிக்கும் எண்ணை நிரலுக்கு முதலில் வழங்கி, மெய்நிகர்க் கணினியின் மேலான பிடியைப் பின்னரே கூட்டியது. அவ்விரண்டிற்கும் இடையே நிரலின் மற்றொரு கிளை அவ்வெண்ணை ஊகித்து மூடிவிடுமாயின், கூட்டாத பிடி கழிக்கப்பட்டு, பயன்பாட்டிலுள்ள மெய்நிகர்க் கணினியே விடுவிக்கப்படக்கூடும். கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் யான் ஹோன் இதனைக் கண்டறிந்தார். பிடியை முதலிற் கூட்டிப் பின்னரே எண்ணை வழங்குமாறு வரிசையை மாற்றியதே திருத்தம்.

மாணவர்கள் ஈண்டு ஒன்றனை உளங்கொள்ளல் வேண்டும். இத்தகைய பிழை நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் வெளிப்படாதிருக்கலாம். இரு செயலிகள் குறித்ததொரு கணத்தில் எதிர்ப்படும்போதே அது தலைகாட்டும். ஆகவே 'ஓட்டிப் பார்த்தோம். பழுதில்லை' என்பது சான்றாகாது. இதனை விடுவிக்கும் உரிமை யாருக்கு? புதிதாக வருவோர் எவ்விடத்தில் தடுக்கப்பட்டனர்? முன்னரே உள்ளே சென்றோர் வெளியேறினர் என்பதை எவ்வாறு அறிந்தோம்? இம்மூன்று வினாவுக்கும் விடை எழுதியபின்னரே விடுவிக்கும் வரியை எழுதுக. தொடங்குதற்கு ஊக்கம் போதும். பிறர்க்கு ஊறின்றி முடித்தற்குப் பொறுமையும் வேண்டும்.