பொது மிதிவண்டியும் நிலத்தின் சரிவும்

சென்ற நூற்றாண்டில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் சிற்றூர்களிற்கூட வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, கடைக்காரரின் குறிப்பேட்டில் பெயரையும் நேரத்தையும் பதிந்து, வண்டியை எடுத்துச் செல்வது வழக்கம். அம்முறையில் இரு குறைகள் உண்டு. எடுத்த கடையிலேயே வண்டியைத் திரும்ப விடுதல் வேண்டும்; ஆகவே ஒருவழிப் பயணத்திற்கு அது பயன்படாது. அன்றியும், கடைக்காரர் அறிந்தவர்க்கே வண்டி கிடைக்கும். இவ்விரு குறைகளையும் நீக்க முயல்வதே பொது மிதிவண்டி முறையாகும். இம்முறையில் ஒரு நிலையத்தில் எடுத்த வண்டியை வேறொரு நிலையத்தில் விடலாம். முன்பின் அறியாதவரும் எடுக்கலாம்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் இம்முறையைப் பற்றி அடிக்கடி வினவப்படுதல் கூடும். பிற நகரங்களில் நடைபெறுவது நம் ஊருக்குப் பொருந்துமா என்பதே அவ்வினா. அதற்கு விடை காண, முதலில் முறையின் வரலாற்றையும், பின்னர் நிலத்தின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும்.

முறையின் வளர்ச்சி

1965 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இளைஞர் குழு ஒன்று சில மிதிவண்டிகளுக்கு வெள்ளை வர்ணம் பூசி, பூட்டின்றித் தெருவில் நிறுத்தியது. எவரும் எடுத்துச் சென்று எங்கும் விடலாம் என்பது ஏற்பாடு. காவல் துறையினர் அவ்வண்டிகளைக் கைப்பற்றினர்; முயற்சி நிலைக்கவில்லை. 1995 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுக் கோப்பன்ஹேகனில் நாணயம் இட்டால் பூட்டுத் திறக்கும் வண்டிகள் வைக்கப்பட்டன. வண்டியைத் திரும்ப விட்டால் நாணயம் மீளும். ஆயினும் எடுத்தவர் யார் என்பது பதிவாகாமையால் பல வண்டிகள் காணாமற் போயின. 1998 இல் பிரான்சு நாட்டு ரென் நகரில், எடுப்பவரை அடையாளங் காணும் மின்னணு அட்டை பயன்படுத்தப்பட்டது. அதன் பின்னரே இம்முறை உறுதி பெற்றது. 2005 இல் லியோன் நகரமும், 2007 இல் பாரிசு நகரமும் பெரிய அளவில் இதனை மேற்கொண்டன. பாரிசில் தொடக்கத்தில் சுமார் 10,000 வண்டிகளும் 750 நிலையங்களும் அமைந்தன. 2008 இல் சீனத்து ஹாங்ஜோ நகரம் இதனைத் தொடங்கியது.

இந்தியாவில் 2017 ஜூன் மாதத்தில் மைசூரில் 'டிரின் டிரின்' என்னும் பெயரால் 450 வண்டிகளும் 48 நிலையங்களும் கொண்டு இம்முறை தொடங்கப்பெற்றது. அதே மாதத்தில் போபால் நகரமும், 2019 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சியும் இதனை மேற்கொண்டன.

இதற்கிடையே நிலையமே தேவையற்ற மற்றொரு வகையும் தோன்றியது. வண்டியின் பூட்டிலேயே இருப்பிடங் காட்டும் கருவி பொருத்தி, கைப்பேசியால் திறப்பது அது. சீனத்தில் பரவிய இவ்வகையை 'ஓஃபோ' என்னும் நிறுவனம் 2018 இல் கோயம்புத்தூரிலும் நடத்தியது. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கிற்று. பாலக்காட்டிற்கு மிக அண்மையிலுள்ள பெருநகரம் கோயம்புத்தூரே. ஆதலால், வண்டிகளை வாங்கி வைப்பதனால் மட்டும் முறை நிலைபெறாது என்பதற்கு இவ்வெல்லைப் பகுதியினர் தொலைதூரத்துச் சான்று தேட வேண்டுவதில்லை.

மிதிப்பவரின் ஆற்றற் கணக்கு

நடுத்தர உடல்நலம் உடைய ஒருவர் களைப்பின்றி நெடுநேரம் தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட் எனக் கொள்ளலாம். பொது மிதிவண்டி, பலர் கையாளுவதைத் தாங்கும் பொருட்டு உறுதியாகச் செய்யப்படுவது. அதன் எடை 20 கிலோகிராம் அளவினது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏறினால் மொத்தம் 80 கிலோகிராம்.

அவர் காற்றில்லாத சமதரையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்க. சக்கரத்தின் உருளுதடையை வெல்ல ஏறத்தாழ 21 வாட்டும், காற்றுத் தடையை வெல்ல ஏறத்தாழ 13 வாட்டும் வேண்டும். மொத்தம் 34 வாட். இது அவரது ஆற்றலிற் பாதிக்கும் குறைவு. ஆகவே சமதரையில் மிதிவண்டி நடையினும் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தை எளிதில் அளிக்கின்றது.

இனி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சரிவைக் கருதுக. புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை 80 × 9.8 × 0.06, அதாவது சுமார் 47 நியூட்டன். அதே வேகத்தில் ஏற, இதற்கு மட்டும் 157 வாட் தேவை. முன்னைய 34 வாட்டையும் கூட்டினால் 191 வாட். இது சாதாரண மக்களால் நெடுநேரம் இயலாதது. 75 வாட் மட்டுமே தருபவர் அச்சரிவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்திலேயே ஏறுவார். அது நடப்பவரின் வேகமேயன்றி வேறன்று. அத்தகைய மேட்டில் சாதாரண மிதிவண்டியால் நேரத்தில் ஊதியம் ஒன்றும் இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

பாலக்காட்டுக் கணவாய்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்குக் குறையாத அகலமுடைய இடைவெளியாகும். பாலக்காடு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 80 மீட்டர் உயரத்திலும், கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைத்தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். எனவே சராசரி ஏற்றம் 1,000 மீட்டருக்கு 6.4 மீட்டரே. இதற்கு வேண்டிய கூடுதல் ஆற்றல் 17 வாட் மட்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களின் வயற்புறங்களிலும் சரிவு தடையாவதில்லை.

இங்கு எதிர்நிற்பது காற்றே. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று இக்கணவாயின் வழியே விரைந்து செல்கின்றது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டதற்குக் காரணமும் இதுவே. மணிக்கு 18 கிலோமீட்டர் காற்றை எதிர்த்து, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே செல்பவர் காற்றுத் தடைக்கு மட்டும் 83 வாட் செலவிட வேண்டும். உருளுதடையைக் கூட்டி, இறக்கம் தரும் 17 வாட்டைக் கழித்தால் 87 வாட் ஆகும். மாறாக, காற்றை முதுகிற்கொண்டு கிழக்கே ஏறுபவர்க்கு 35 வாட் போதும். இறக்கத்தினும் ஏற்றம் எளிதாகும் விந்தை இது. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

ஆகையால் இப்பகுதியில் நெடுந்தூரப் பயணத்தினும், ரயில் நிலையத்திற்கும் ஊருக்கும் இடைப்பட்ட சிறு தூரங்களுக்கே பொது மிதிவண்டி தகும். பாலக்காட்டுச் சந்திப்பு நிலையம் நகரின் நடுவில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி ஒலவக்கோட்டில் உள்ளது. நடப்பதற்கு மிகையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்குக் குறைவுமான அத்தகைய தூரமே மிதிவண்டிக்கு உரியது.

இடுக்கியின் எல்லை

இடுக்கியில் நிலைமை முற்றிலும் வேறு. தேனி மாவட்டத்து லோயர் கேம்பிலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலை ஆறேழு கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு மேல் உயர்கின்றது. இது மேற்கூறிய 100க்கு 6 என்னும் சரிவை ஒத்தது. போடிமெட்டுச் சாலையும் பல கொண்டையூசி வளைவுகளுடன் ஏறுவதே.

ஏறுவது அரிது, இறங்குவதோ அபாயம். 80 கிலோகிராம் எடை 400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி 3 இலட்சம் ஜூலுக்கு மேற்பட்டது. ஒரு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர இது போதும். இதில் ஒரு பகுதி காற்றுத் தடையிலும் உருளுதடையிலும் கழியும். எஞ்சிய வெப்பம் முழுவதையும் தடைக்கட்டைகளே ஏற்றல் வேண்டும். மழையில் நனைந்த சாலையில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. பலர் கைமாறும் வண்டியில் தடையைச் சோதிக்கும் பொறுப்பு எவருக்கு என்பதும் எண்ணத் தக்கது.

மின்விசைத் துணையுள்ள மிதிவண்டி இக்குறையை ஓரளவு நீக்கும். இந்தியாவில் 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் உடைய வண்டிக்குப் பதிவு தேவையில்லை. 2018 முதல் பாரிசு நகரின் வண்டிகளில் ஒரு பகுதி இவ்வகையினவாக உள்ளன. எனினும் மின்விசை ஏற்றத்திற்கே துணை. இறக்கத்தின் அபாயத்தை அது குறைப்பதில்லை.

மேட்டு நிலையம் வெறுமையாதல்

சரிவுள்ள ஊர்களில் மற்றோர் இடர்ப்பாடு தோன்றும். மக்கள் மேட்டில் வண்டியை எடுத்துப் பள்ளத்தில் விடுவர். திரும்பும்போது பஸ்ஸில் ஏறுவர். காலைப் பொழுது கழிவதற்குள் மேட்டு நிலையம் வெறுமையாகும். பள்ளத்து நிலையத்தில் வண்டியை விட இடமிராது. வெறும் நிலையத்தை இருமுறை கண்டவர் மூன்றாம் முறை வருவதில்லை. வண்டிகளை லாரியில் ஏற்றி மேலே கொண்டு சேர்ப்பதே வழக்கமான பரிகாரம். அதற்கு எரிபொருளும் ஆட்கூலியும் நாள்தோறும் வேண்டும். பாரிசு நகரம் 2008 இல் வேறொரு வழியைக் கண்டது. உயரமான நிலையங்களில் வண்டியைக் கொண்டுவந்து விடுபவர்க்குக் கட்டணமின்றி 15 நிமிடம் மிகுதியாக அளித்தது. உழைப்புக்கு ஊதியம் என்னும் எளிய நெறியே இது.

களத்தில் செய்யத் தக்கவை

ஓர் ஊருக்கு இம்முறை தகுமா என்பதை அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. முதலாவது, சரிவை அளத்தல். கொத்தர் பயன்படுத்தும் நீர் நிரப்பிய ஒளிபுகு குழாயால், சாலையில் 10 மீட்டர் இடைவெளியில் இரு புள்ளிகளின் உயர வேறுபாட்டைக் காணலாம். வேறுபாடு 20 சென்டிமீட்டருக்குள் இருப்பின், அதாவது 100க்கு 2 ஆயின், மேற்கண்ட கணக்கின்படி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்திற்கு ஏறத்தாழ 86 வாட் வேண்டும். சற்று மெதுவாகச் சென்றால் இயலும். இரண்டாவது, காலை, மாலை இரு வேளைகளிலும் ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் இறங்குவோர் எத்திசையில், எவ்வளவு தூரம் செல்கின்றனர் என எண்ணுதல். காலையில் ஒரு திசையிலேயே கூட்டம் சென்று மாலையில் வேறு ஊர்தியில் திரும்புமாயின், வண்டிகளை மீளச் சேர்க்கும் செலவு மிகும். மூன்றாவது, பழுது பார்ப்பவர் ஊரிலேயே உள்ளாரா என அறிதல்.

ஆசிரியர்கள் இவ்வளவைகளை மாணவரைக் கொண்டு செய்வித்தால், விசை, வேலை, ஆற்றல் என்னும் பாடங்கள் அவர்தம் சொந்த ஊர்ச் சாலையிலேயே விளங்கும். களப்பணியாளர்க்கோ அதே அளவுகள் திட்டத்தின் தகுதியைக் காட்டும். கணவாயின் சமவெளிக்கு ஏற்றது மலைச்சாலைக்கு ஏற்றதாகாது. பொதுப்பணம் செலவாவதற்கு முன்னர் இவ்வேற்றுமையை அளந்தறிதல் இரு சாராரின் கடமையாகும்.