குழந்தைத் தொப்பி கோணுவது ஏன்? குறோசே பின்னலில் ஒரு கணக்குப் பாடம்



குளிர் நாடுகளில் பிறக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கும், வைத்தியசாலைகளில் உள்ள குறைமாதக் குழந்தைகளுக்கும் அம்மாமார் பலர் தொப்பி பின்னிக் கொடுக்கிறார்கள். பச்சிளங் குழந்தையின் உடலோடு ஒப்பிடும்போது தலை பெரியது. உடலின் சூடு தலைவழியாக விரைவில் இழக்கப்படும். கோணிய தொப்பி ஒன்றில் கழன்று விழும், அல்லது கண்ணையும் மூக்கையும் மூடும். ஆகவே தொப்பியின் வடிவம் அழகுக்காக மட்டுமல்ல.

கோணலுக்குக் கைப்பழக்கம் போதாமையே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் எண்ணிக்கைதான். பத்தாம் சுற்றில் கண்ணுக்குத் தெரியும் கோணல் ஆறாம் சுற்றிலேயே நடந்திருக்கும். கணக்காளன் என்ற முறையில் இதை எனக்குத் தெரிந்த வழியில் விளக்குகிறேன். ஒவ்வொரு ஸ்ரிச்சையும் 'கண்' என்றும், ஒரே கண்ணில் இரண்டு போடுவதைக் 'கூட்டல்' என்றும் இங்கு குறிப்பிடுகிறேன்.

அடிப்படைக் கணக்கு

கட்டையான கண்ணின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். வட்டத்தின் ஆரை ஒரு பங்கு கூடினால் சுற்றளவு ஆறு பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடும் என்று பள்ளியில் படித்தோம். அதனால்தான் 6 கண்ணில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டுகிறோம்: 6, 12, 18, 24, 30, 36, 42, 48, 54. சுற்றின் இலக்கத்தை ஆறால் பெருக்கினால் வருவதே அந்தச் சுற்றின் முடிவில் இருக்க வேண்டிய எண்ணிக்கை. எட்டாம் சுற்றின் முடிவில் 48 இல்லாவிட்டால் ஒன்பதாம் சுற்றைத் தொடங்க வேண்டாம்.

மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சராசரியாக 35 சென்ரிமீற்றர். பின்னல் இழுபடும் ஆதலால் தொப்பி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் குறைவாக இருக்கலாம். உங்கள் கையில் 10 சென்ரிமீற்றருக்கு 16 கண் வருமானால், 54 கண் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர். அத்துடன் கூட்டலை நிறுத்தி நேராகப் பின்னலாம். குறைமாதக் குழந்தைக்கு வைத்தியசாலை சொல்லும் அளவைக் கேட்டு, அதற்குக் கிட்டிய ஆறின் பெருக்கத்தில் நிறுத்துங்கள். 42 கண் என்றால் சுமார் 26 சென்ரிமீற்றர்.

குறைகளும் காரணங்களும்

1. விளிம்பு பாவாடைச் சுருக்குப் போல் அலையடித்தால், கூட்டல் அதிகம்.

2. உச்சி வேளைக்கு முன்பே சிரட்டை போல் குவிந்தால், கூட்டல் குறைவு, அல்லது கை மிக இறுக்கம். எண்ணிக்கை சரியாக இருந்தால் அரை மில்லிமீற்றர் பெரிய ஊசியை எடுங்கள்.

3. இவை இரண்டுக்கும் நம்மவரிடையே வேறொரு காரணமும் உண்டு. கனடாவில் உள்ள தங்கை அனுப்பும் குறிப்பை இலண்டனில் உள்ள அக்கா பின்னுகிறார். அமெரிக்கக் குறிப்பில் 'சிங்கிள் குறோசே' என்பது பிரித்தானியக் குறிப்பில் 'டபிள் குறோசே'. அமெரிக்கரின் 'டபிள்' பிரித்தானியரின் 'ட்ரெபிள்'. அந்த உயரமான கண்ணுக்குச் சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். அதே 12ஐக் கட்டையான கண்ணில் கூட்டினால் அலையடிக்கும். 6ஐ உயரமான கண்ணில் கூட்டினால் குவியும். குறிப்பில் 'சிங்கிள் குறோசே' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம்.

4. உச்சி வட்டமாக இல்லாமல் அறுகோணமாக வந்தால், கூட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இரட்டைச் சுற்றுகளில் இடத்தை மாற்றுங்கள். உதாரணமாக ஆறாம் சுற்றில்: 2 கண், ஒரு கூட்டல், பின்பு '4 கண், ஒரு கூட்டல்' என்று ஐந்து தடவை, கடைசியில் 2 கண். மொத்தம் 36.

5. கீழே போகப் போக ஒடுங்கினால், சுற்று முடியும் இடத்தில் கண் தவறுகிறது. சிலிப் ஸ்ரிச்சால் இணைத்துச் சங்கிலி போட்டபின், அருகிலுள்ள முதற்கண் ஒளிந்துகொள்ளும். அதை விட்டுவிட்டால் சுற்றுக்கு ஒன்று குறையும். பத்துச் சுற்றில் 54 கண் 44 ஆகும். 34 சென்ரிமீற்றர் தொப்பி 27½க்கு வந்துவிடும். குழந்தையின் நெற்றியில் அது தடம் பதிக்கும்.

6. கீழே அகன்றால், சிலிப் ஸ்ரிச்சையும் ஒரு கண்ணாக எண்ணி அதற்குள்ளும் பின்னுகிறீர்கள். முதற்கண்ணில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோர்த்துவைத்தால் ஐந்தாம், ஆறாம் குறைகள் இரண்டும் நீங்கும்.

7. எண்ணிக்கை சரி, ஆனால் இணைப்புக் கோடு மட்டும் மெல்லச் சாய்கிறதா? அது குறையல்ல. வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு கண்ணும் சற்றே ஒருபக்கம் விலகி அமரும். அதற்காகப் பிரிக்க வேண்டாம்.

திருத்தும் முறை

கொப்பி ஒன்றில் சுற்று இலக்கம், இருக்க வேண்டிய கண், எண்ணிய கண் என்று மூன்று நிரல்கள் கீறுங்கள். இரண்டாம், மூன்றாம் நிரல்கள் முதன்முதலில் வேறுபடும் சுற்று எதுவோ, அதுவரை பிரித்தால் போதும். அடுத்த சுற்றில் ஒரு கண் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டினால் எண்ணிக்கை ஒத்துவரும், கோணல் அப்படியே இருக்கும். குறோசேயில் ஒரேயொரு கண்ணே திறந்திருப்பதால் பிரிப்பது இலகு.

முடித்தபின் தொப்பியை மேசையில் தட்டையாக வைத்து மூன்று இடங்களில் அகலத்தை அளந்து பாருங்கள். 54 கண்ணுக்கு எங்கும் 17 சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். நூல் முனைகளை உள்ளே நன்றாகக் கோர்த்துவிடுங்கள். பொத்தான், மணி, உதிரும் மயிர்நூல் வேண்டாம்.

இறுதியாக ஒரு சொல். வைத்தியசாலையில் தாதியர் சொல்லும்வரை தொப்பி தேவை. வீடு வந்தபின், சூடான அறையில் உறங்கும் குழந்தைக்குத் தொப்பி அணிவிக்க வேண்டாம் என்பதே மருத்துவ ஆலோசனை. உடல் அளவுக்கு மீறிச் சூடாகும், தொப்பி நழுவி முகத்தையும் மூடலாம். வெளியே போகும்போது போட்டு, உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள்.