விடுவதும் ஒரு முடிவே

கெடாத் தோட்டங்களில், பால் வற்றிய முதிய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வர். அதை யாரும் தோல்வி என்பதில்லை. நம் இலக்குகளுக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டு ஓட்ட வீரர் மணி ஜெகதீசன், 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். ஆனால், 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் 200 மீட்டர் அரையிறுதியை அவரால் தாண்ட முடியவில்லை. 1968இல் மெக்சிகோவில் 20.92 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார்; அத்துடன் ஓட்டத்தை விட்டார். அப்போது அவருக்கு வயது 24. அதன்பின் மருத்துவப் பணியில் முழுக்கவனம் செலுத்தி, மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக உயர்ந்தார். அவரது சாதனையோ 2017 வரை நிலைத்தது.

சோர்ந்து விடுவது வேறு. முழுமையாக முயன்றபின், அடுத்த கடமையை அறிந்து விடுவது வேறு. ஓர் இலக்கைக் கைவிட நினைக்கும்போது உங்களையே கேளுங்கள்: "முழுமையாக முயன்றேனா? அடுத்து எதை நட்டு வளர்க்கப் போகிறேன்?"