சந்தையிலே இரசாயனப் பாடம்

இரசாயனம் என்றவுடன், அது கல்லூரிகளுக்கும் ஆலைகளுக்கும் மட்டுமே உரிய கலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆயினும் நமது அடுப்பங்கரையிலும் களத்திலும் சந்தையிலும் அது நாள்தோறும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. மக்கள் அதனை விரும்பிக் கற்கவேண்டுமானால், அவர்கள் கையிலுள்ள பொருளிலிருந்தே பாடத்தைத் தொடங்குதல் வேண்டும்.

இதற்கு ஏற்ற இடம், கொல்லிமலை அடிவாரத்திலுள்ள பேளுக்குறிச்சி. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள் முதலிய மளிகைச் சரக்குகளுக்குப் பெயர்பெற்றது அவ்வூர்ச் சந்தை. வெளியூர் மக்களும் அங்கு வந்து சரக்கு வாங்கிச் செல்கின்றனர். சரக்கின் தூய்மையே சந்தையின் மூலதனம். அத்தூய்மையைச் சோதித்தறியும் முறைகளை மாணவர் வாயிலாக மக்களுக்குக் காட்டினால், கல்வியும் பயனும் ஒருங்கே கிட்டும்.

எளிய சோதனைகள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டுள்ளது. அவற்றுள் சில வருமாறு:

1. மிளகு: ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் இடுக. நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். உள்ளீடற்ற மிளகும் மிதக்குமாதலால், மிதப்பதை எடுத்து உற்று நோக்குதல் அவசியம்.

2. மஞ்சள் தூள்: நீரில் இட்டால், தூய தூள் இளமஞ்சள் நிறம் காட்டி அடியில் படியும். சாயம் கலந்ததாயின் நீர் அடர்ந்த மஞ்சளாகும்.

3. சீரகம்: உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கவும். கை கருத்தால், கரித்தூள் பூசிய புல்விதை கலந்திருக்கலாம்.

காரணம் அறிவதே கல்வி

செய்து காட்டுவதுடன் நின்றுவிடாமல், காரணத்தையும் விளக்கவேண்டும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பதை, ஆரத்தி கரைக்கும் தாய்மார் அனைவரும் அறிவர். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் காரத்தில் நிறம் மாறுவதே அதன் காரணம். அந்நீரில் எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். அமிலம், காரம் என்னும் பாடம் இவ்வளவில் எவர்க்கும் விளங்கிவிடும்.

எல்லாக் கலப்படத்தையும் தம்ளர் நீர் காட்டிவிடாது. மஞ்சளுக்கு மெருகூட்டச் சிலர் சேர்க்கும் ஈயக் குரோமேட், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அதனை உறுதிசெய்ய ஆய்வுக்கருவி தேவை. வங்கதேசத்தில் 2019-ஆம் ஆண்டு சோதித்த சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் காணப்பட்டது. அரசின் கண்காணிப்பும் மக்களுக்கு அளித்த விளக்கமும் ஒன்றுசேர, 2021-இல் அத்தகைய மாதிரி ஒன்றும் காணப்படவில்லை. அறிவு பரவினால் சந்தையே திருந்தும் என்பதற்கு இது சான்று.

பஞ்சாயத்தின் பங்கு

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்க்காக 2022-இல் வானவில் மன்றம் தொடங்கப்பெற்றது. ஆசிரியர் துணையுடன் இம்மாணவர்கள் சந்தையில் ஒரு மேசையிட்டுச் சோதனைகளைச் செய்துகாட்டப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆவன செய்யலாம். சில தம்ளர்களும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். ஐயம் எழுந்தவுடன் வணிகரைக் குற்றவாளியாக்கிவிடலாகாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குவோரே விற்பவரிடம் தெரிவித்து, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம்.

நேர்மையாக விளைவிப்போர்க்கும் விற்போர்க்கும் இச்சோதனை பாதுகாவலே ஆகும். தூய சரக்கு உரிய விலை பெறவும், நம் மக்கள் நஞ்சற்ற உணவு உண்ணவும், நமது பஞ்சாயத்துகள் இப்பணியில் முனைவனவாக.