தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் வேண்டுமா? – ஒரு வகுப்பறைச் செயல்பாடு

இடர்கள் பற்றிய பாடத்தை எட்டாம் வகுப்பில் நடத்தும்போது 1964ஆம் ஆண்டுப் புயலைச் சொல்வது என் வழக்கம். மாணவர்களும் ஆண்டை மனப்பாடம் செய்துகொள்வார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "பாலத்தைச் சரி பண்ணாங்க, தனுஷ்கோடி தண்டவாளத்தை மட்டும் ஏன் சார் விட்டுட்டாங்க?" என்று கேட்டாள். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அக்கேள்வியையே இரண்டு பாடவேளைக்கான செயல்பாடாக்கினேன்.

தேவையானவை: மாவட்ட வரைபடம், வண்ண எழுதுகோல்கள்.

செயல்பாடு 1: வரைபடத்தில் குறித்தல்

பாம்பன், இராமேஸ்வரம், தனுஷ்கோடி ஆகிய மூன்றையும் குறிக்கச் செய்தேன். முதன்மைப் பாதை இராமேஸ்வரத்திற்கே சென்றிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தனுஷ்கோடிக்குச் சென்றதே முதன்மைப் பாதை, இராமேஸ்வரம் கிளைப்பாதை. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. 'போட் மெயில்' என்ற பெயரின் காரணத்தை மாணவர்களே கண்டறிந்தனர்.

செயல்பாடு 2: காரணமும் விளைவும்

1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலமும் பெரிதும் சிதைந்தது. பொறியாளர் இ.ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடியோ வாழத் தகுதியற்ற இடமென அறிவிக்கப்பட்டது. "பாலம் இல்லைன்னா தீவுக்கே ரயில் இல்ல. ஊரே இல்லாத இடத்துக்கு ரயில் எதுக்கு?" என்று ஒரு குழு விடை கண்டது.

செயல்பாடு 3: விவாதம்

இராமேஸ்வரம்–தனுஷ்கோடி இடையே சுமார் 17 கி.மீ. புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை இன்னும் அமையவில்லை. அரிச்சல்முனை வரை 2017 முதல் சாலை இருக்கிறது. அப்படியானால் ரயில் தேவையா?

சுற்றுலா வளரும், வேலை கிடைக்கும் என்றது ஓரணி. இருபுறமும் கடல், நடுவே மணல்திட்டு, ஆமைகள் முட்டையிடும் கரை, மீண்டும் புயல் வந்தால் என்ன செய்வது என்றது மற்றோரணி. அதுவரை பேசாதிருந்த மீனவர் வீட்டு மாணவன் ஒருவன், "பாதை வந்தா நாங்க கரைவலை இழுக்குற இடம் இருக்குமா சார்?" என்றான். நான் தயாரித்திருந்த குறிப்பில் அக்கேள்வி இல்லை. கரும்பலகையில் 'அங்கு வாழ்வோர்' எனப் புதிய தலைப்பு எழுதினேன்.

மதிப்பீடு

எந்தப் பக்கம் பேசினார் என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். சொன்ன கருத்துக்குச் சான்று தந்தாரா, எதிரணிக் கருத்தைக் கேட்டுத் தன் கருத்தைத் திருத்தினாரா என்பதையே பாருங்கள்.

ஆசிரியர் கவனத்திற்கு

கடலோரப் பள்ளிகளில் புயலில் உறவினரை இழந்த குடும்பத்துக் குழந்தைகள் இருக்கலாம். இறந்தோர் எண்ணிக்கையை வினாடி வினாவாக்க வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு வர விரும்புவோரை மட்டும் அனுப்புங்கள்.

"உங்க முடிவு என்ன சார்?" என்று இறுதியில் கேட்டார்கள். "நீங்கள் வாக்களிக்கும் வயதிலும் இக்கேள்வி இருக்கலாம், அன்று நீங்கள் சொல்லுங்கள்" என்றேன்.